பெற்றோரே! பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுங்கள்

 



சில மாதங்களுக்கு முன்பு ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பின்னும் ஒருவர் மட்டும் தூணோரமாக உட்கார்ந்தே இருந்தார். நல்ல தொழுகையாளி. சிறுசேரி சிப்காட் வளாகத்துக்கு ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டுகிறவர். விளக்கை அணைக்கப் போன என்னிடம் மெதுவாக எழுந்து வந்தார்.

“ஹஜ்ரத், நம்ம பையனுக்கு ஓதிப் பார்க்கணும். கண்ணேறு பட்டிருக்கும்போல இருக்கு.”

“என்ன செய்கிறான் பாய்?”

“பகலெல்லாம் தூங்குறான். ராத்திரி முழிச்சிருக்கான். சில நாள் மூக்கு ஒழுகுது, கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கான், உடம்பெல்லாம் வலிக்குதுன்னு துடிக்கிறான். மறுநாள் பார்த்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கான். இந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டேங்கிறான். அலமாரியில வச்ச பணமும் நிக்கிறதில்லே.”

பையனுக்கு வயது பதினேழு. சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவன்தான். “நாளைக்கு அழைத்து வாருங்கள், ஓதியும் பார்ப்போம், டாக்டரிடமும் காட்டுவோம்” என்றேன். மறுநாள் டாக்டர் சட்டைக் கையை மடித்துவிடச் சொன்னார். முழங்கையின் உள்பக்கம் வரிசையாக ஊசித் தடங்கள். அந்தத் தகப்பனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வந்த பின் அவர் சொன்ன ஒரு சொல் இன்றுவரை என் நெஞ்சை விட்டு அகலவில்லை: “நாலு மாசமா ஒரே கூரைக்குக் கீழே இருக்கோம், ஹஜ்ரத். இந்தக் கையை நான் பார்க்கலையே!”

அந்தச் சொல்தான் என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நம் ஊரும் மாறிவிட்டது

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் சிறுசேரி, நாவலூர், படூர், கேளம்பாக்கம் என்றால் ஏரியும் வயலும்தான். இன்று பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் கண்ணாடி மாளிகைகள். நிலம் விற்றவர் கையில் பணம் வந்தது. நிலமில்லாதவருக்கு வேலை வந்தது. அல்லாஹ் தந்த வசதியை நாம் குறை கூறவில்லை. ஆனால், தந்தை விடியுமுன் போய் இரவு வருகிறார். தாயும் பல வீடுகளில் வேலைக்குப் போகிறார். பிள்ளையின் கையில் செல்போனும் மோட்டார் சைக்கிளும் இருக்கின்றன. பேசுவதற்குத்தான் வீட்டில் ஆளில்லை.

பணம் புழங்கும் இடத்தைத் தேடிப் போதை வியாபாரி வருவான். இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், பொத்தேரியில் மாணவர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 2024 ஆகஸ்ட் இறுதியில் சுமார் ஆயிரம் போலீஸார் ஒரே நேரத்தில் சோதனையிட்டதைப் பத்திரிகைகளில் படித்தோம். கஞ்சாவும் கஞ்சா கலந்த சாக்லேட்டும் கைப்பற்றப்பட்டன. மாணவர்கள் சிலர் பிடிபட்டனர். அவர்களும் நம்மைப் போன்ற தாய் தகப்பன்மார் கடன் வாங்கிப் படிக்க வைத்த பிள்ளைகள்தாமே! “நம்ம பிள்ளை அப்படியில்லை” என்று அவர்களும் நம்பித்தானே இருந்திருப்பார்கள்!

“மது மட்டும்தானே ஹராம்?”

சில வாலிபர்கள் என்னிடமே வாதிட்டதுண்டு. “கஞ்சா இலைதானே ஹஜ்ரத்? மாத்திரை மருந்துதானே? குர்ஆனில் மதுவைப் பற்றித்தானே வருகிறது?” என்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கோபிப்பதைவிட விளக்கம் சொல்வதே மேல்.

திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் 90-வது வசனத்தில் மது, சூது முதலியவை ஷைத்தானின் அசுத்தச் செயல்கள் என்று கூறி, அவற்றை விட்டு விலகிக்கொள்ளுமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான். மது எது என்பதை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பர்மீது நின்று விளக்கியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை என்று அக்காலத்து மது வகைகளை எண்ணிச் சொல்லிவிட்டு, அறிவை மூடுவது எதுவோ அதுவே மது என்று இலக்கணம் வகுத்துவிட்டார்கள். பெயர் எதுவாயினும் சரி, புட்டியில் இருந்தாலும் பொட்டலத்தில் இருந்தாலும் சரி, அறிவை மூடினால் அது விலக்கப்பட்டதே. அதிகம் உண்டால் மயக்குவதில் சிறிதளவும் ஹராம் என்பது நபிமொழி. போதையூட்டுவதுடன் உடலைச் சோர்ந்து துவளச் செய்வதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது.

நம் முன்னோரும் இதில் வாளாவிருக்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டிலேயே கஞ்சா விலக்கப்பட்டது என்பதை நிறுவ ஒரு தனி நூலே எழுதினார்கள். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் முடிந்த விவாதத்தைத்தான் நம் வாலிபர் புதிதென்று எண்ணுகிறார்கள்!

டாக்டர் நோய்க்குத் தரும் மருந்து வேறு. அதே மாத்திரையை நோயில்லாதவன் மயக்கத்துக்காகப் பயன்படுத்துவது வேறு. முன்னது சிகிச்சை, பின்னது அறிவென்னும் அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். தொழுகையும் நோன்பும் நம்மீது கடமையாவதே அறிவு இருப்பதால்தான் அன்றோ?

வாயை முகர்ந்து பார்த்தால் போதாது

நம் பாட்டனார் காலத்தில் பிள்ளை குடித்திருக்கிறானா என்று அறிய வாயை முகர்ந்து பார்த்தார்கள். இன்றைய போதைகளில் பலவற்றுக்கு வாடையே கிடையாது. ஆகவே, பெற்றோர் அடையாளங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும். டாக்டர்களிடம் கேட்டறிந்தவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

கஞ்சா: கண் வெண்படலம் சிவந்திருக்கும். வாய் வறளும். அகால நேரத்தில் அளவுக்கு மீறிப் பசிக்கும். காரணமின்றிச் சிரிப்பு, பேச்சில் தடுமாற்றம், மறதி. உடுப்பிலும் அறையிலும் கருகிய தழை வாடை. அதை மறைக்க ஊதுவத்தி, வாசனைத் தெளிப்பான், கண்ணுக்குச் சொட்டு மருந்து ஆகியவற்றில் திடீர் நாட்டம்.

முகரும் போதை: பஞ்சர் ஒட்டும் பசை, பெயிண்ட் தின்னர், எழுத்தை அழிக்கும் வெள்ளைத் திரவம் போன்றவை. இது சின்னஞ்சிறு பிள்ளைகளின் போதை. மத்திய அரசுக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவரிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை இதுதான்: பெரியவர்களில் 0.58 சதவீதம்; 10 முதல் 17 வயதுள்ளோரில் 1.17 சதவீதம். மூச்சிலும் உடையிலும் இரசாயன வாடை, மூக்கையும் வாயையும் சுற்றிப் புண், கைக்குட்டையில் கறை, ஓயாத தலைவலி ஆகியவை இதன் அடையாளங்கள். ஒரே ஒரு தடவை முகர்ந்ததிலேயே இதயம் நின்று போகக்கூடும்.

வலி மாத்திரை: கடும் வலிக்கென்று டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே தரவேண்டிய டாபென்டடால் போன்ற மாத்திரைகளைத் தமிழ்நாட்டில் வாலிபர்கள் போதைக்குப் பயன்படுத்துகின்றனர், சிலர் ஊசியாகவும் ஏற்றிக்கொள்கின்றனர். கண்ணின் கருமணி குண்டூசி முனைபோல் சுருங்கும். உட்கார்ந்தபடியே தலை தொங்கும். மலச்சிக்கல், சொறிச்சல் இருக்கும். மாத்திரை கிடைக்காத நாளில் மூக்கொழுகல், கொட்டாவி, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, உடல்வலி. நான் மேலே சொன்ன பையனின் நிலை இதுவே. ஊசியைப் பலர் பகிர்ந்தால் எய்ட்ஸ் கிருமியும் கல்லீரலைத் தாக்கும் மஞ்சள்காமாலைக் கிருமியும் பரவும்.

மெத்தபெட்டமின் போன்ற வீரியத் தூள்கள்: மேற்சொன்னதற்கு நேர்மாறு. கருமணி விரிந்திருக்கும். இரண்டு மூன்று நாள் தூக்கமிராது, பசியிராது. வேகமான பேச்சு, வீண் சந்தேகம். பிறகு ஒருநாள் முழுதும் பிணம்போல் தூக்கம்.

உதட்டில் வைக்கும் புகையிலைப் பொட்டலம்: பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பரவிய ‘கூல் லிப்’ பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2024-ல் கவலை தெரிவித்தது. உதட்டின் உட்புறம் புண்ணும் வெண்மையும் தெரிகின்றனவா என்று பாருங்கள். “புகையிலைதானே” என்று விட்டுவிடாதீர்கள். பெரிய போதைக்கு அது பல பிள்ளைகளுக்கு வாசற்படியாக இருக்கிறது.

இவை உடலில் தெரிபவை. நடத்தையில் தெரிபவை இன்னும் முக்கியமானவை. பழைய நண்பர்கள் காணாமற் போய்ப் புதியவர்கள் வருவார்கள். அவர்களை வீட்டுக்குள் அழைத்து வரமாட்டான். படிப்பு சரியும். விளையாட்டு விட்டுப்போகும். குளியலறையிலும் மொட்டை மாடியிலும் நெடுநேரம் கழியும். பணம், மோதிரம், செல்போன் தொலையும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வரும். பள்ளிவாசலில் முன் வரிசையில் நின்றவன் பின் வரிசைக்கு வருவான், பிறகு வாசலோடு நிற்பான், பிறகு வரமாட்டான். தங்கை ஏதாவது கேட்டால் எரிந்து விழுவான். தாயின் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான்.

பெண் பிள்ளைகளுக்கு இது நேராது என்றும் எண்ணிவிடாதீர்கள். அவர்களிடம் இது நேர்ந்தால் நாம் இன்னும் தாமதமாகவே அறிகிறோம்.

சந்தேகமும் ஒரு நோயே

இதைப் படித்தவுடன் யாரும் பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடிக்க எழுந்துவிட வேண்டாம்!

இன்னொரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். கண் சிவந்து, படிப்பில் பின்தங்கிய மகனைக் கண்டு தகப்பனார் தெருவிலேயே அடித்துவிட்டார். கண் டாக்டரிடம் காட்டிய பிறகுதான் தெரிந்தது, பையனுக்கு எழுத்துப் பலகையே சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி தேவை என்று. அந்தக் குற்றமற்ற பிள்ளை மூன்று மாதம் தகப்பனிடம் பேசவில்லை. வளரும் வயதில் தூக்கம் மாறும், கோபம் வரும், தனிமை பிடிக்கும். மனச்சோர்வும் தேர்வுப் பயமும் இதே அடையாளங்களைக் காட்டும். ஓர் அடையாளம் சாட்சியாகாது. பல அடையாளங்கள் ஒன்றுசேர்ந்து, முன்பு இல்லாத மாறுதல் வாரக்கணக்கில் நீடித்தால் விசாரிக்க வேண்டும்.

இங்கே ஒரு மார்க்கக் கேள்வி எழுகிறது. அல்ஹுஜுராத் அத்தியாயம் 12-வது வசனத்தில் வீண் சந்தேகத்தையும் பிறர் குறையைத் துருவுவதையும் அல்லாஹ் தடுத்திருக்கிறான். அப்படியானால் பிள்ளையின் பையைப் பார்க்கலாமா?

துருவுதல் என்பது குறையைக் கண்டு இழிவுபடுத்துவதற்காகத் தேடுவது. பெற்றோரோ பொறுப்பாளிகள். ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் பொறுப்பிலுள்ளோர் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் வரும் நபிமொழி. நம்மையும் நம் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ள அத்தஹ்ரீம் அத்தியாயம் 6-வது வசனம் கட்டளையிடுகிறது. ஆகவே, தெளிவான அடையாளங்கள் தெரிந்தபின் காப்பாற்றும் நோக்கத்தோடு பார்ப்பது பொறுப்பாளியின் கடமை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால், எந்த அடையாளமும் இன்றி நாள்தோறும் பையைக் குடைவதும், கண்டதை மாமிமார்களிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லித் திரிவதும் கூடாது. முதலில் கேளுங்கள், பிறகு பாருங்கள்.

எப்படிக் கேட்பது?

பெரும் பாவமொன்றுக்கு அனுமதி கேட்டு ஓர் வாலிபர் நாயகம் (ஸல்) அவர்களின் சபைக்கே வந்துவிட்டார். கூடியிருந்தோர் அதட்டினார்கள். நாயகமோ அவரை அருகில் அழைத்து உட்கார வைத்து, கேள்வி கேட்டுச் சிந்திக்கச் செய்து, இறுதியில் அவர்மீது தம் திருக்கரத்தை வைத்து துஆச் செய்தார்கள். அந்த வாலிபர் அதன்பின் அப்பக்கமே திரும்பவில்லை என்று முஸ்னத் அஹ்மதில் வருகிறது.

அருகில் அழைத்தல், உட்கார வைத்தல், கேட்டல், கை வைத்தல், துஆ. இந்த வரிசையை மனத்தில் வையுங்கள். போதையில் இருக்கும்போது பேசாதீர்கள், தெளிந்திருக்கும்போது பேசுங்கள். தாயும் தந்தையும் முன்பே கலந்து ஒரே பேச்சாகப் பேசுங்கள். “நீ கெட்டவன்” என்று தொடங்காதீர்கள்; “நீ சரியாகத் தூங்கவில்லை, மெலிந்துவிட்டாய், எங்களுக்குப் பயமாக இருக்கிறது” என்று கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். அவன் மறுப்பான். கதவைச் சாத்துவான். மறுநாளும் பேசுங்கள்.

இரண்டு தவறுகள்

பிள்ளையின் நிலை தெரிந்தபின் நம் வீடுகளில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, மூடி மறைப்பது. “வெளியே தெரிந்தால் மகளுக்குச் சம்பந்தம் வருமா?” என்ற பயம். குறையை மறைப்பது நன்மைதான். ஆனால் புண்ணை ஊருக்கு மறைக்கலாம், மருத்துவருக்கு மறைக்கலாமா? அல்லாஹ் எந்த நோயையும் அதற்கான நிவாரணமின்றி இறக்கவில்லை என்று நபிமொழி இருக்க, மருந்தைத் தேடாமல் இருப்பது பொறுமையாகாது.

மற்றொன்று, விரட்டிவிடுவது. “என் வீட்டு வாசலை மிதிக்காதே!” என்று தகப்பன் துரத்தினால், வரவேற்கக் காத்திருப்பவன் யார்? அந்தப் போதை வியாபாரிதான்.

மது அருந்தியதற்காகத் திரும்பத் திரும்ப நாயகத்தின் முன் கொண்டுவரப்பட்ட ஒருவரைக் கூட்டத்தில் ஒருவர் சபித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் சபிப்பதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். இன்னோர் அறிவிப்பில், சகோதரனுக்கெதிராக ஷைத்தானுக்கு உதவிவிடாதீர்கள் என்று கண்டித்தார்கள். இவை ஸஹீஹுல் புகாரியில் உள்ளன. தண்டனை நின்றது; பாசமும் நின்றது. பாவத்தை வெறுக்கவும் பாவியைக் கைவிடாதிருக்கவும் இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

சிகிச்சையும் சட்டமும்

சிகிச்சையை வீட்டிலேயே அறையில் பூட்டி வைத்து நடத்தாதீர்கள். வலி மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வேதனை தாங்காமல் மீண்டும் அதையே தேடுவார்கள். தூக்க மாத்திரைக்குப் பழகியவர் டாக்டர் மேற்பார்வையின்றி நிறுத்தினால் வலிப்பே வரலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும், 1980-ல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணில் போதை மீட்பு ஆலோசனை பெறலாம். பிள்ளை எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள். மானத்தை எண்ணித் தாமதிக்காதீர்கள்.

“டாக்டரிடம் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ?” என்று பலர் பயப்படுகிறார்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், தாமே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், உபயோகித்த குற்றத்துக்கும் சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்குண்டு. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். விற்றவனுக்கு இந்தச் சலுகை இல்லை. சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுப்பவனுக்கும், சிறுவரை வைத்து அதை விற்பவனுக்கும் 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. தமிழ்நாட்டில் விற்பவரைப் பற்றி 10581 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

ஜமாஅத்தின் கடமை

மஹல்லாவில் ஒருவன் தவறினால் அவன் குடும்பத்தைத் தள்ளிவைப்பதில் நமக்கிருக்கும் வேகம், அவனைத் தூக்கிவிடுவதில் இருக்கிறதா? திருமணத்துக்கும் மையித்துக்கும் பதிவேடு வைத்திருக்கிறோம். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளின் பெயர்கள் எந்த நிர்வாகியிடமாவது இருக்கின்றனவா? மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் ஒரு டாக்டரை அழைத்துப் பெற்றோருடன் பேச வைப்பது பெரிய செலவா? இமாம்களாகிய எங்களுக்கும் சொல்கிறேன்: ஓதிப் பார்க்க வருகிறவரிடம், “டாக்டரிடம் காட்டினீர்களா?” என்று கேட்காமல் அனுப்பாதீர்கள்.

இளைஞர்களே! இதை நீங்கள் படிக்க நேர்ந்தால் ஒன்று சொல்வேன். முதல் தடவை அதைத் தந்தவன் உன்னிடம் காசு கேட்டிருக்கமாட்டான். ஏன் என்று யோசித்துப் பார். உன் உயிரை நீயே அழிவில் போடுவதை அல்லாஹ் தடுத்திருக்கிறான். விழுந்துவிட்டாயா? தவ்பாவின் கதவு திறந்தே இருக்கிறது. அத்தாவிடம் சொல்லப் பயமாக இருந்தால் அம்மாவிடம் சொல். அதற்கும் பயமாக இருந்தால் பள்ளி இமாமிடம் வா. நாங்கள் அடிக்கமாட்டோம்.

அந்தப் பையன் என்னவானான் என்று கேட்பீர்கள். சிகிச்சைக்குச் சென்றான். இரண்டாம் மாதம் ஒருமுறை சறுக்கினான். தகப்பனார் உடைந்துபோய் என்னிடம் வந்தார். “திரும்பவும் அழைத்துப் போங்கள் பாய், காய்ச்சல் திரும்பி வந்தால் பிள்ளையை விட்டுவிடுவோமா?” என்றேன். அழைத்துப் போனார். இப்போது அவர் இரவு வண்டியைத் தவிர்த்துப் பகல் வண்டி மட்டும் ஓட்டுகிறார், வருமானம் குறைந்ததுதான். இரவுச் சோற்றை மகனோடு உட்கார்ந்து உண்கிறார். சென்ற வாரம் சுப்ஹில் ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, கடைசி வரிசையில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். அரைக்கைச் சட்டை அணிந்திருந்தான். அல்ஹம்து லில்லாஹ்!

இன்றிரவே உங்கள் பிள்ளையை அருகில் உட்கார வையுங்கள். செல்போனை ஒதுக்கி வையுங்கள். அவன் முகத்தைப் பாருங்கள். அவன் கையைப் பிடித்துப் பேசுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் அறிவையும் உடலையும் ஈமானையும் காப்பாயாக! வழி தவறியோரை அவர்களுடைய பெற்றோரின் மடிக்கே திருப்பித் தருவாயாக! பிள்ளைகளைப் பார்க்கும் கண்ணையும், பொறுக்கும் நெஞ்சையும் எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!